எலுமிச்சைத் துளசியைக் கொதிக்க விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் எலுமிச்சைத் துளசி ரசம் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. ஒரு கைப்பிடி இலையைப் புளித்தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு அன்பர், துளசி பூஜைக்கு உரியது, அதைக் குழம்பிலும் ரசத்திலும் போடச் சொல்லலாமா என்று இந்தப் பகுதியில் கோபமாக எழுதியிருந்தார். சமையல் குறிப்பு எழுதியவருக்கும் சரி, மல்லேஸ்வரம் அன்பருக்கும் சரி, எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லை என்றால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். அடுப்பை அணைப்பது பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் ரசம். எலுமிச்சைத் துளசிக்கு அந்த மணத்தைக் கொடுப்பது சிட்ரால் என்கிற எண்ணெய்ப் பொருள். எலுமிச்சம்பழத் தோலிலும் எலுமிச்சைப் புல்லிலும் இருப்பதும் அதுதான். இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகளில் அது அடைந்திருக்கிறது. இரண்டு விரலால் லேசாகத் தேய்த்தாலே உடைந்து மணக்கும். அவ்வளவு சுலபமாக வெளியே வருகிற சரக்கைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? ஆவியோடு ஆவியாகக் கிளம்பிவிடும். வாசனை எண்ணெய் எடுக்கிறவர்கள் இதையேதான் வேண்டுமென்று செய்கிறார்கள். இலைக்குள் நீராவியைச் செலுத்தி, வெளியே வரும் ஆவியைக் குளிர வைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை வடித்து எடுப்பார்கள். உங்கள் குறிப்பின்படி செய்தால் ஆவியைப் பிடித்து வைக்க ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பத்து நிமிடத்தில் சமையலறை மணக்கும், மாடிப்படி மணக்கும், ரசம் மணக்காது. இலை கறுத்துப்போய்த் தண்டோடு மிதக்கும்.

இன்னொன்று. பெயரில் எலுமிச்சை இருப்பதால் புளிப்பும் இருக்கும் என்று நினைத்துப் பலர் பழத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இலையில் மணம் மட்டும்தான், புளிப்பு கிடையாது. ஆகவே புளியோ, பழமோ, மோரோ தனியாக வேண்டும்.

என் வீட்டில் ரசம் இப்படித்தான் வைக்கிறோம். வேகவைத்த துவரம்பருப்புத் தண்ணீர், இரண்டு பழுத்த தக்காளி, இஞ்சி ஒரு துண்டு நசுக்கியது, மிளகு சீரகம் பொடித்தது, கீறின பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு. தக்காளியின் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீரை விட்டு, நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுவோம். நெய்யில் கடுகு மட்டும் தாளித்துக் கொட்டி, கொதிப்பு அடங்கியபின் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, பத்துப் பன்னிரண்டு இலையைக் கையால் கிள்ளிப் போட்டு மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடம் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. பெருங்காயம் வேண்டாம். பெருங்காயமும் இந்த இலையும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் பெருங்காயம்தான் ஜெயிக்கும். கொத்தமல்லியும் வேண்டாம்.

கைப்பிடி கணக்கும் அதிகம். என் மருமகள் முதன்முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, "மாமா, இது பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சோப்புக்கு எலுமிச்சை வாசனை ஏற்றுவதற்கும் சிட்ராலைத்தான் சேர்க்கிறார்கள். இலை கூடினால் நாக்குக்கு அந்த நினைப்புதான் வரும்.

அடுத்தது மல்லேஸ்வரம் அன்பர். மாடத்தில் வைத்துக் கும்பிடுகிற துளசி வேறு, இது வேறு. ஒரே குடும்பம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இது திருநீற்றுப்பச்சிலையும் நாய்த்துளசியும் கலந்து பிறந்த செடி. தாவர நூல்களில் ஆசிமம் ஆப்பிரிக்கானம் என்று போட்டிருப்பார்கள். இலை துளசியைவிட ஒடுக்கமாக, வெளிறிய பச்சையாக இருக்கும். பூ வெள்ளை. திருநீற்றுப்பச்சிலையை அன்பர் நிச்சயம் பார்த்திருப்பார். கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகளில் காமகஸ்தூரி என்று கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அதுதான். அதன் விதைதான் சப்ஜா. ஃபலூடாவில் அதைப் போட்டுக் குடிக்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. அது போகட்டும், பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு துளசி கொடுத்தால் அன்பர் அதை என்ன செய்கிறார்? கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில்தானே போட்டுக்கொள்கிறார்? தாய்லாந்தில் துளசியையே மிளகாய் பூண்டோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். அது அவர்கள் வழக்கம். என் வீட்டு மாடத்துத் துளசியில் நானும் கை வைப்பதில்லை.

எனக்கு இந்த இலை அறிமுகமானது சாப்பாட்டு மேசையில்தான், தோட்டத்தில் இல்லை. நான் இயந்திரத் தொழிற்சாலையில் டர்னராகச் சேர்ந்து, பிற்பாடு வெளியூர்களுக்குப் போய் இயந்திரம் பொருத்திக் கொடுக்கிற பிரிவில் இருந்தவன். அப்படி இந்தோனேசியாவில் பாண்டுங் நகரத்துக்கு அனுப்பினார்கள். மேற்கு ஜாவா, சுந்தானிய மக்கள் வாழ்கிற பகுதி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனால் வெள்ளைச் சோறு, பொரித்த மீன், கல்லில் அரைத்த மிளகாய்ச் சம்பல், அப்புறம் ஒரு தட்டு நிறைய பச்சையாக வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், கூடவே கொப்புக் கொப்பாக இந்த இலை. அங்கே கெமாங்கி என்பார்கள். இப்படித் தட்டில் வைப்பதைச் சமைப்பதே கிடையாது. ஒரு வாய் சோறு, ஒரு கிள்ளு மீன், சம்பலில் தொட்ட ஒரு கொப்பு இலை. எண்ணெய்ப் பண்டம் சாப்பிடுகிற திகட்டலே தெரியாது. நம்மூர் அம்மி மாதிரிக் கல்லில் நிலக்கடலையும் மிளகாயும் அரைத்துப் பச்சைக் காய்கறியில் புரட்டி, கடைசியில் இதே இலையைப் போட்டுக் கரெடோக் என்று ஒன்று தருவார்கள். அதை நினைத்தால் இப்போதும் பசிக்கிறது. தாய்லாந்திலும் லாவோஸிலும் சூப்பில் போடுகிறார்கள். அதுவும் இறக்குகிற நேரத்தில்தான். இந்த இலையைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறவர்கள் அதைக் குழம்பாகக் காய்ச்சுவதில்லை என்பதைச் சமையல் பக்கம் எழுதுகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு லால்பாக் மலர்க் கண்காட்சியில், கண்ணாடி மாளிகைக்கு வெளியே இருக்கும் கடைகளில் ஒன்றில் இந்தச் செடியைப் பார்த்து வாங்கினேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் இன்னும் வேலை பார்க்கிறாள். அதனால் பகல் சமையலும் மொட்டை மாடியும் என் பொறுப்பு.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைத் துளசிக்கு ஆங்கிலத்தில் லெமன் பேசில் என்று பெயர். இங்கே ஒரு நர்சரியில் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்த தொட்டியை நண்பர் வீட்டுக்குக் கொண்டு போனால் சோம்பு வாசனை வருகிறது, தண்டு கத்தரிப்பூ நிறம். அது தாய்லாந்து ரகமான தாய் பேசில். நல்ல இலைதான், ஆனால் அவர் கேட்டது அது இல்லை. மாற்றித் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே காசு கொடுப்பதற்கு முன் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டை நம்பாதீர்கள். இந்த வாசனைச் செடிகளில் எத்தனையோ ரகம். பட்டை மணக்கிறது உண்டு, கிராம்பு மணக்கிறது உண்டு, கற்பூரம் மணக்கிறது உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் சிம்-ஜோதி என்ற பெயரில் எலுமிச்சை மணமுள்ள ரகம் ஒன்றை எண்ணெய்க்காகவே உருவாக்கியிருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஆய்வு மையம் ஒன்று நம் பெங்களூரிலேயே, அல்லாளசந்திராவில் இருக்கிறது.

வளர்ப்பது கஷ்டமே இல்லை. நான் பழைய பெயின்ட் வாளியில் அடியில் ஓட்டை போட்டுச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து வைக்கிறேன். உரத்தை அள்ளிக் கொட்டக் கூடாது. இலை பெரிதாகத் தளதளவென்று வரும், மணம் குறைந்துவிடும். விதை எள்ளைவிடச் சிறியது. அதைப் புதைக்காமல் மேலே தூவி, சன்னமாக மண்ணைத் தூவி, தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும். ஈரம் பட்டதும் விதையைச் சுற்றி வழவழவென்று கூழ் மாதிரிப் படியும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், சப்ஜா வகையறா விதைக்கு அதுதான் சுபாவம். ஒரு வாரம் பத்து நாளில் முளைவிடும்.

பெங்களூர்க் குளிரில் வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்தச் செடிக்கு ஆகாதது 10 டிகிரிக்குக் கீழே போகிற குளிர். 1884 ஜனவரியில் இந்த ஊரில் 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அப்படிப்பட்ட குளிரை நான் பார்த்ததில்லை. மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி மந்தமாகும், புதிதாக விதைத்தால் முளைக்க அடம் பிடிக்கும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. உண்மையான எதிரி செப்டம்பர் மழை. இலை நாள் முழுக்க ஈரமாக இருந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். மேலே மஞ்சளாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், திருப்பிப் பார்த்தால் சாம்பலும் ஊதாவுமாகப் பொடி படிந்திருக்கும். இத்தாலிக்காரர்களின் அகல இலை ரகத்துக்கு அது வந்தால் செடியே போய்விடும். எலுமிச்சைத் துளசி ஓரளவு தாங்கும். இருந்தாலும் தொட்டிகளை நெருக்கி வைக்காமல், காலையில் வேரில் மட்டும் தண்ணீர் விட்டு, நோய் கண்ட இலையை உடனே கிள்ளிக் குப்பையில் போட வேண்டும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடிக்கிறேன். அடித்த பிறகு சில நாள் அந்தச் செடியில் இலை பறிப்பதில்லை.

தண்ணீர் என்றதும் 2024 மார்ச் ஞாபகம் வருகிறது. ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, குடிநீரைச் செடிக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த சமயம். எங்கள் தெருவில் பலரும் ரோஜாவைக் கைவிட்டார்கள். நான் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர், பருப்பு ஊற வைத்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு குடத்தில் சேர்த்து வைத்து ஊற்றினேன். இந்தச் செடி பிழைத்தது. மேல்மண் காய்ந்த பிறகுதான் அது தண்ணீர் கேட்கும். தேங்கி நின்றால்தான் கோபித்துக்கொள்ளும்.

பூ விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். மற்ற ரகங்களைவிட இது சீக்கிரம் பூக்கும். பூத்தால் இலை சிறுத்துக் கசப்பு ஏறும். இரண்டு இலை எதிரெதிராக இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். கிள்ளக் கிள்ளப் புதராகும். எப்படியும் சில மாதத்தில் தண்டு கட்டை பாய்ந்துவிடும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகக் கொஞ்சம் விதைத்துக்கொள்வது நல்லது. கிள்ளின கொப்பைத் தண்ணீரில் வைத்தாலும் வேர்விடும்.

ஒரே ஒரு தொட்டியை மட்டும் விதைக்காகப் பூக்க விடுகிறேன். தேனீ நிறைய வரும். இதைப் பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் என் மேல் ஒரு புகார் இருக்கிறது. தேனீ யாரையும் கொட்டியதாகப் புகாரில் இல்லை, வந்து போகிறது என்பதுதான் புகார். விதை எடுக்க நினைப்பவர்கள் பக்கத்தில் வேறு பேசில் ரகம் பூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேனீ இரண்டையும் கலந்துவிடும். அடுத்த தலைமுறைச் செடியில் எந்த வாசனை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, சமையலுக்குத் திரும்புகிறேன். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா தொட்டபத்ரே தம்புளி செய்வதில் கெட்டிக்காரர். நம் கற்பூரவல்லியைத்தான் அங்கே தொட்டபத்ரே என்கிறார்கள். அவர் இலையை நெய்யில் வதக்கி, தேங்காய், சீரகம், மிளகோடு அரைத்து மோரில் கலப்பார். நான் அதே கணக்கில், வதக்காமல் எலுமிச்சைத் துளசியைப் பச்சையாக அரைத்து, மிளகுக்குப் பதில் பச்சை மிளகாய் வைத்துக் கெட்டி மோரில் கலந்து ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினேன். "பரவாகில்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. ராமநவமிக்கு இந்த ஊரில் கோசம்பரி செய்வார்கள் இல்லையா, ஊறின பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய், எலுமிச்சை. தாளித்த சூடு ஆறியபின் நாலைந்து இலையைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். மாங்காய் தேங்காய் பட்டாணிச் சுண்டலுக்கும் பொருந்தும்.

எல்லாவற்றையும்விட மீன். ஜாவாவில் கெண்டை மீனை மசாலா தடவி, கெமாங்கியை மேலே அடுக்கி, வாழையிலையில் கட்டி ஆவியில் வேக வைப்பார்கள். பெப்பெஸ் என்று பெயர். நான் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் அயிலை வாங்கிச் செய்கிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மஞ்சள், இஞ்சி, நாலு முந்திரி, கொஞ்சம் புளி, உப்பு, இவற்றை அம்மியிலோ மிக்ஸியிலோ கெட்டியாக அரைத்து மீனின் உள்ளும் புறமும் தடவ வேண்டும். தணலில் வாட்டிய வாழையிலையில் மீனை வைத்து, தக்காளித் துண்டும் இரண்டு கைப்பிடி எலுமிச்சைத் துளசியும் வைத்து மடித்துக் கட்டி, இட்லிக் கொப்பரையில் இருபது நிமிடம். பிறகு கட்டோடு தோசைக்கல்லில் போட்டு இருபுறமும் இலை கருகும்வரை திருப்பினால் போதும். கொதிக்க விடாதே என்று இவ்வளவு சொல்லிவிட்டு இருபது நிமிடம் வேக வைக்கிறானே என்று கேட்பீர்கள். இங்கே பொட்டலம் கட்டியிருக்கிறது. ஆவியோடு கிளம்புகிற மணம் பெரும்பாலும் உள்ளேயே சுற்றி மீனில்தான் இறங்கும். அதனால்தான் இலையையும் தாராளமாக வைக்கலாம். சாப்பிடுகிற மேசையில் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். அடுப்படியிலேயே பிரித்துத் தட்டில் வைத்துக் கொண்டு வந்தால் பாதி மணம் போய்விடும். என் பேத்திக்கு மீனைவிடப் பொட்டலம் பிரிப்பதில்தான் ஆசை.

சாம்பாரிலும் புளிக்குழம்பிலும் இதைப் போடாதீர்கள், வீண். காய வைத்துப் பொடி செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், வைக்கோல் மாதிரி இருக்கும். பறித்த கொப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கறுத்துப்போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் தண்டு மூழ்க வைத்து மேடையிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் குறிப்பின் அடியில் சர்க்கரை வியாதி குறையும், கொழுப்பு கரையும் என்றெல்லாம் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் அடுப்பை எப்போது அணைக்க வேண்டும் என்று போட்டிருந்தால் வாசகர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும். வைத்தியத்தை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ரசக் குறிப்பைத் திருத்திப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தோடு விதை ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், சமையல் பக்கம் எழுதுகிறவரிடம் சேர்த்துவிடுங்கள். மல்லேஸ்வரம் அன்பர் கேட்டால் அவருக்கும் பாதி கொடுங்கள். மார்கழி, தையில் விதைக்க வேண்டாம், மாசி பிறக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
ஜீவன்பீமா நகர், பெங்களூரு.